வரகுக்கோழி தங்காத புல்வெளி

“இந்தப் பறவைக்கு என்னதான் வேணும், டீச்சர்?” என்றார் வெள்ளியங்கிரி.

கால்நடை மருத்துவர். வயது ஐம்பத்தாறு. வரகுக்கோழி அற்றுப்போன புல்வெளியில் அதை மறுபடி குடியேற்றியே தீருவது என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர். ரெஜினா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் பறவை விஷயத்தில் ரெஜினாதான் அவருக்குக் குரு.

“போன வருஷம் ஆறு கொண்டுவந்து விட்டேன். ஒரே வாரம். ஒண்ணுகூடத் தங்கலை.”

“ம்.”

“இந்த வருஷம் அஞ்சு. மூணே நாள்ல பறந்துருச்சு. அதுல ரெண்டு கரண்டுக் கம்பியில அடிபட்டுச் செத்துக் கிடந்துச்சு. நானே எடுத்துப் புதைச்சேன்.”

ரெஜினா மறுபடியும் ‘ம்’ என்றார்.

“ஏதாவது சொல்லுங்க. ‘ம்’ கொட்டுறதுக்கா உங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சேன்?”

“பறவையை எங்க விட்டீங்க?”

காட்டினார்.

“அங்க போய் உட்காருங்க.”

“எனக்கு முட்டி வலி.”

“மெதுவா உட்காருங்க.”

முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார். புல் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

“என்ன தெரியுது?” ரெஜினாவின் குரல் மட்டும் வந்தது.

“புல்லு.”

“அப்புறம்?”

“புல்லுதான்! வேற என்ன தெரியும்?”

“சரி, இருங்க.”

இருந்தார். பூச்சி கடித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. இதற்காகவா வேலையை விட்டோம் என்று ஆத்திரமாக வந்தது.

இடப்பக்கம் ஏதோ சரசரத்தது.

அடுத்த கணம் வெள்ளியங்கிரி வண்டிப்பாதையில் ரெஜினாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

“என்ன அது?” என்றார் ரெஜினா.

“தெரியல. பாம்போ, நாயோ. எதுவும் கண்ணுக்குத் தெரியல.”

“தெரியாம ஏன் ஓடி வந்தீங்க?”

“தெரியாததாலதான்...”

நிறுத்திக்கொண்டார்.

வரகுக்கோழியின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திப் பிடித்து, அதற்கு மேல் எழுந்து நின்ற புல்லைப் பார்த்தார்.

“மூணு வருஷம், டீச்சர்.” குரல் இறங்கியிருந்தது. “ஒரு ஆட்டைக்கூட உள்ள விடாம இந்தப் புல்லை வளர்த்தேன்.”

“நல்லாத்தான் வளர்ந்திருக்கு.”

அப்போது ஜீப் வந்து நின்றது. பின்னால் மரப்பெட்டிகளில் இன்னும் நான்கு வரகுக்கோழிகள். டிரைவர் பொன்னுரங்கம் கீழே குதித்தார்.

“தொறந்து விட்டுறலாங்களா, டாக்டர்?”

“வேண்டாம். இப்போதைக்குப் பெரிய கூண்டுல விட்டு வைங்க.”

“எத்தனை நாளைக்கு?”

வெள்ளியங்கிரி புல்வெளிப் பக்கம் திரும்பினார்.

“பொன்னுரங்கம், இந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா?”

பொன்னுரங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாரையும் நீங்கதானுங்களே தொரத்தி விட்டீங்க?”