தன் சாவுச் செய்தியைக் கேட்ட ராஜா

முன்பொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் குணதரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் புத்தி பறந்துவிடும். அவன் சபையில் ஒரு விபரீத வழக்கம் இருந்தது. ராஜா கேட்கும் கேள்விக்கு யாரும் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. சொன்னவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சபை கலையும்வரை நிற்க வேண்டும். மந்திரி கூத்தபிரான் அடிக்கடி அப்படி நிற்பார். மற்றவர்கள் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட சபைக்குக் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் ஆளுயரப் பித்தளைப் பாவை ஒன்றைக் கொண்டுவந்தான். "மகாராஜா, எதைக் கேட்டாலும் இது பதில் சொல்லும். தெரியாது என்று ஒருநாளும் சொல்லாது!" என்றான். ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளியே விட்டான்.

பாவைக்கு ஏட்டுச் சுவடிதான் தீனி. வைத்தியர், புலவர், ஜோசியர் என்று எல்லார் வீட்டுச் சுவடிகளையும் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி வண்டியாக அள்ளிவந்து அதன் வாயில் திணித்தார்கள். வயிறு சூடாகிறதென்று ஊர்க்குளத்துத் தண்ணீரை இறைத்து அதன் தலையில் கொட்டினார்கள். ஜனங்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். "கொஞ்சம் பொறுங்கள். வருகிற ஆடிக்குள் இந்தப் பாவை மழையையே வரவழைத்துவிடும்!" என்றான் வணிகன். இதையும் நம்பினார்களே, என்ன சொல்ல!

பொக்கிஷ அதிகாரி கார்மேகராயருக்குக் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது. "பாவை இருக்க மந்திரி எதற்கு, பிரபு? இது எதிர்த்துப் பேசுவதில்லை" என்று ராஜாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை ராஜா எண்ணெய் தேய்த்துக் குளித்தான். குளித்து வந்து பார்த்தால் முத்திரை மோதிரத்தைக் காணோம். அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவள் அங்கம்மை. பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாய். ராஜா அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான்.

கார்மேகராயர் பாவையின் முன்னே போய் நின்றார். "பாவையே, அங்கம்மை மோதிரத்தை எப்படித் திருடினாள்?"

"சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கொல்லை வழியே போனாள். சந்தையில் ஒரு தட்டானிடம் விற்றாள்" என்றது பாவை, கணீரென்று.

சபை அதிர்ந்தது. அங்கம்மை ஓடிவந்து, "ராசா, நான் எடுக்கல. உன் முன்னால நின்னு சொல்றேன், எடுக்கல" என்று கதறினாள். ராஜா பாவையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாவை சொன்னால் சொன்னதுதான். நாளை உச்சிவேளையில் இவளை யானைக்காலில் இடுங்கள்" என்றான். பால் கொடுத்தவளை!

மறுநாள் சபை கூடியபோது முற்றத்தில் யானை வந்து நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் அங்கம்மையைக் கட்டி வைத்திருந்தார்கள். கூத்தபிரான் எழுந்தார்.

"பிரபு, நானும் பாவையை ஒரு கேள்வி கேட்கலாமா?"

"கேளும்" என்றான் ராஜா.

"அதற்கு முன் ராயரிடம் ஒரு சந்தேகம். பாவையின் பேச்சு பிசகுமா, ராயரே?"

"பிசகினால் என் ஒரு பக்க மீசையைச் சிரைத்துக்கொள்கிறேன்!" என்றார் கார்மேகராயர்.

கூத்தபிரான் பாவையைப் பார்த்துத் திரும்பினார். "பாவையே, நம் குணதர மகாராஜா நேற்று எப்படி இறந்தார்?"

சபைக்கு மூச்சே நின்றுவிட்டது. ராஜாவின் வாயில் இருந்த தாம்பூலம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பாவை மட்டும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"வேட்டையில் குதிரை இடறி விழுந்து இறந்தார். சந்தனக் கட்டை அடுக்கி எரித்தார்கள். ராணி மயங்கி விழுந்தாள். எல்லாரையும்விடக் கார்மேகராயர்தான் அதிகம் அழுதார். இன்று காலை அவரே பட்டம் சூட்டிக்கொண்டார்."

"ஐயையோ!" என்று அலறினார் கார்மேகராயர். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

வணிகன் ஓடிவந்தான். "சின்னப் பிசகு, மகாராஜா! இன்னும் நூறு வண்டிச் சுவடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்!"

கூத்தபிரான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரங்கே! முரசறையச் சொல்லுங்கள். மகாராஜா சிவலோகப் பிராப்தி அடைந்தார். பாவை சொல்லிவிட்டது."

அநியாயத்தைக் கேளுங்கள், பின்வரிசையில் இரண்டு பேர் துண்டால் கண்ணைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்!

ராஜா அரண்டுபோய் எழுந்தான். "நிறுத்துங்கள்! நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், உங்களுக்குக் கண் இல்லையா?"

"பாவை அப்படிச் சொல்லவில்லையே, பிரபு."

"நானே சொல்கிறேன், நான் சாகவில்லை என்று!"

"நேற்று அங்கம்மையும் உங்கள் முன்னால் நின்று தன் வாயால்தான் சொன்னாள்" என்றார் கூத்தபிரான் மெதுவாக.

ராஜாவின் முகம் வெளுத்தது. "மோதிரத்தை யாராவது தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பாவையைத்தான் கேட்டார்களே தவிர, ஒருவரும் தேடவே இல்லை! காவலர்கள் குளியலறைக்கு ஓடினார்கள். சீயக்காய்க் கிண்ணத்தின் அடியில், காய்ந்த விழுதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது மோதிரம்.

வணிகன் அதற்குள் கம்பி நீட்டிவிட்டான். பாவையை உருக்கிக் குடங்களாக வார்த்தார்கள். கார்மேகராயர் ஒரு பக்க மீசையோடு அந்தக் குடங்களைச் சுமந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டான்.

பிறகு முற்றத்துக்குப் போய் அங்கம்மையின் கட்டைத் தானே அவிழ்த்தான். "ஆத்தா, அந்தப் பாவை பேச்சைக் கேட்டு மோசம் போயிட்டேன்" என்றான்.

"அது பித்தளை, ராசா. அது என்ன வேணாலும் சொல்லும்" என்றாள் அங்கம்மை. "நீ ஒருதரம் திரும்பி என் மூஞ்சியப் பாத்திருக்கலாமே?"

அவள் அன்றே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள். பின்னால் ராஜா தேர் அனுப்பினான். தேர் ஆளில்லாமல் திரும்பி வந்தது.