பூமயிலு கத்தி பார்த்த கதை

ஒரு ஊர்ல ஒரு மதினியும் ஒரு நாத்தனாவும் இருந்தாக. ஊரு கடலுக்கு ரொம்பப் பக்கம். எம்புட்டுப் பக்கம்னா, வாசல்ல கஞ்சித்தண்ணிய ஊத்துனா கடல்ல போய் விழுகும். காலை நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்க. நடுவுல நடுவுல ம் சொல்லணும், சொல்லலைன்னா அயித்தை கதைய அங்கனயே நிறுத்திருவேன்.

மதினி பேரு பூமயிலு, நாத்தனா பேரு ராக்கு. பூமயிலு புருசனோட தங்கச்சிதான் ராக்கு, ஒரு புள்ளைக்கு ஆத்தா. ரெண்டு பேருக்கும் வேலை என்னன்னா, கடல்பாசி பறிக்கிறது. கண்ணுல கண்ணாடிய மாட்டி, விரல்ல துணியச் சுத்தி, குபுக்குனு முங்கி, பாறையில இருக்கிற பாசியப் பிச்சு இடுப்புப் பையில போட்டுக்கிட்டு, புஸ்ஸுன்னு மேல வருவாக. ஒருத்தி முங்குனா இன்னொருத்தி வள்ளத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பா. ஒருத்தி மேல ஒருத்திக்கு அம்புட்டு உசுரு. பூமயிலு கல்யாணமாகி வந்து ஒன்பது வருசத்துல ரெண்டு பேருக்குள்ள ஒரு சண்டை வரலை. மதினியும் நாத்தனாவும் சண்டை போடாம ஒன்பது வருசமான்னு ஊரே வாயப் பொளந்துச்சு. எனக்கே இன்னும் நம்ப முடியலை.

அப்போ, கடலுக்கடியில அத்துப்போன வலை, கயிறு எல்லாம் பாறையில சிக்கிக் கிடக்கும். கால்ல மாட்டுச்சுன்னா லேசுல விடாது. அதுக்காக பூமயிலு அடுப்படிக் கத்திய இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போவா. ஒரு நாளு வள்ளத்துல தவ்வி ஏறுனா பாரு, சர்ருனு தொடையில இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சுருச்சு. ஆமா, ரத்தம்தான். அடியாத்தி, வள்ளம் பூரா ரத்தம். அதைப் பார்த்துட்டு ராக்கு தொப்புனு மயங்கி விழுந்துட்டா. வெட்டுப்பட்டவ எந்திரிச்சு, மயங்கிக் கிடந்தவளுக்குத் தண்ணி தெளிச்சா. இப்படியும் ஒரு கூத்து உண்டா?

அப்புறம் காயம் ஆறுனதும், பூமயிலு சந்தைக்குக் கிளம்பிட்டா. மடக்குக்கத்தி வாங்கணும். மடக்கி வச்சா யாரையும் கிழிக்காது, விரிச்சா வேலைக்கு ஆகும். கையில என்னத்தக் கொண்டு போனா தெரியுமா? ஒரு பாட்டில் கடல் தண்ணி, ஒரு முழம் வலைக்கயிறு. சந்தையில கத்திக்கடை போட்டிருந்த சேகனாண்ணன் அதைப் பார்த்து திகைச்சுப் போயிட்டாரு. "தங்கச்சி, நீ கத்தி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?"ன்னாரு. "மாப்பிள்ளைய எங்கய்யா பாத்தாரு, கத்திய நான்தான்ணே பாக்கணும்"னா இவ.

அப்போ அவரு முதக் கத்திய எடுத்து சாக்குல வச்சாரு. கையில குடுக்கலை, கவனி. நம்ம பக்கம் கத்திய கைக்குக் கை குடுக்க மாட்டாக. குடுத்தா, குடுத்தவுகளுக்கும் வாங்குனவுகளுக்கும் சண்டை வந்துருமாம். உங்கம்மாவும் அருவாமனையக் கீழ வச்சுட்டு எடுத்துக்கங்கிறால்ல, அதேதான்.

முதக் கத்தி மயில் கணக்கா மின்னுச்சு. பிடியில பச்சைக்கல்லு, சிவப்புக்கல்லு. டிக்குனு விரிஞ்சுச்சு. சந்தையில இருந்த பொம்பளைகள்லாம் அதை எடு, அதை எடுன்னாக. பூமயிலு அதோட முனைய ஒரு கட்டையில வச்சு ஒரு அமுக்கு அமுக்குனா. படக்குனு பின்னால மடங்கி அவ விரல்ல இறங்கிருச்சு. நல்லவேளை, பாசி பறிக்கப் போற மாதிரியே விரல்ல துணி சுத்தியிருந்தா. துணி ரெண்டா போச்சு. சுத்தி நின்னவுக ரெண்டடி பின்னால போயிட்டாக. விரிச்ச கத்தி விரிச்சபடியே நிக்க உள்ள ஒரு பூட்டு இருக்கணும், இதுல பூட்டே இல்லை. "அண்ணே, இது என்னையவே வெட்டுற கத்தி"ன்னு சாக்குல வச்சுட்டா.

ம் எங்க? ஆங்.

ரெண்டாவது கத்தியில ஏழு அலகு. கத்தி, கத்திரி, ரம்பம், சோடா மூடி தொறக்கிறது, காது குடையிறது, இன்னும் என்னென்னமோ. "வீட்டு வேலை பூரா இதுலயே முடிஞ்சுரும்"னாரு சேகனாண்ணன். இவ பாட்டில் தண்ணியில கைய நனைச்சுக்கிட்டு, ஒரு கையால விரிச்சுப் பாத்தா. வழுக்குச்சு. நகத்தால நெம்புனா. பொட்டுனு நகம் ஒடிஞ்சதுதான் மிச்சம். கடைசியில ஒண்ணு விரிஞ்சுச்சு, அது காது குடையிற குச்சி. "தண்ணிக்கடியில கயிறு சுத்திக் கிடக்கையில காது குடையவாண்ணே?"ன்னு கேட்டா. சந்தையே சிரிச்சுச்சு.

மூணாவது கத்திய அவரு காட்டவே இல்லை, ஓரமாக் கிடந்துச்சு. பிடி கறுப்பு, ஒரு பூ இல்ல, ஒரு கல்லு இல்ல. பிடி மட்டும் சொரசொரன்னு இருந்துச்சு. இவளா எடுத்தா. ஈரக்கையோட பெருவிரலால தள்ளுனா, களக்குனு விரிஞ்சு பூட்டிக்கிருச்சு. கட்டையில அமுக்குனா, அசையலை. கயித்துல வச்சு இழுத்தா, சரக் சரக், ரெண்டே இழுப்புல கயிறு துண்டு. அப்புறம் பாட்டில் தண்ணியில அலகை முக்கி வச்சுட்டு, சந்தை கலையிற வரைக்கும் அங்கனயே உக்காந்துட்டா. துருப் புள்ளி ஒண்ணு வரலை. "என் கடையில கிடக்கிற நல்ல கத்தி எதுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது"ன்னு சேகனாண்ணன் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

அன்னையில இருந்து கத்தி ஒரு கயித்துல கோத்து பூமயிலு இடுப்புல தொங்குச்சு. வெத்தலைக் காம்பு கிள்ளவும் அதுதான், மீன் செதிலு எடுக்கவும் அதுதான். ராக்கு சிரிப்பா. "ஒனக்கு ஒண்ணு வாங்குவமா?"ன்னு இவ கேட்டா, "நீங்க இருக்கீகள்ல மதினி, எனக்கெதுக்கு"ம்பா.

அப்புறம் ஒரு நாளு. நல்ல வெயிலு, கடலு தட்டுல ஊத்துன எண்ணெய் மாதிரி அசையாம கிடக்கு. ராக்கு குபுக்குனு முங்குனா. பூமயிலு வள்ளத்துல இருந்து எண்ணுறா. எப்பவும் நாப்பது எண்ணுறதுக்குள்ள புஸ்ஸுன்னு வந்துருவா. நாப்பது ஆச்சு. அம்பது ஆச்சு. புளுக் புளுக்னு ரெண்டு காத்து முட்டை வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுருச்சு.

பூமயிலு அதுக்கு மேல எண்ணலை. கத்தியக் கயித்துல இருந்து அவுத்துக்கிட்டே தொபீர்னு குதிச்சா. கீழ போய்ப் பாத்தா, பழைய வலைக்கயிறு ராக்கு கால்ல ரெண்டு சுத்து சுத்தி, பாறைச் சந்துக்குள்ள இழுத்துப் பிடிச்சிருக்கு. களக்குனு கத்திய விரிச்சா. ஆனா சந்து ராக்கு பக்கம்தான் தொறந்திருக்கு, இவ கை அதுக்குள்ள போகலை. ராக்குதான் அறுக்கணும். ராக்கு கைய நீட்டுனா. இவ கத்திய நீட்டுனா.

இப்ப சொல்லப் போறதைக் கேட்டா நீ நம்ப மாட்டே. பூமயிலு கத்திய அந்தக் கையில குடுக்கலை. கீழ வச்சா. கடலுக்கடியில, பாறை மேல, வீட்டுல வைக்கிற மாதிரி பதனமா வச்சா. அந்த ராக்கு என்ன செஞ்சா தெரியுமா? நீட்டுன கைய அவளும் பின்னால இழுத்துக்கிட்டா, மதினி கீழ வைக்கட்டும்னு. உசுரு போகுது, ரெண்டு பேருக்கும் பழக்கம் போகலை.

தண்ணி ஒரு தள்ளு தள்ளுச்சு. கத்தி பாறையில இருந்து சறுக்கி பாசிக்குள்ள போயிருச்சு. கறுப்புப் பாசி, கறுப்புப் பிடி. கண்ணுக்கே தெரியலை. பூமயிலு கைய விட்டுத் துழாவுனா, சிப்பிதான் வந்துச்சு. மறுபடி துழாவுனா, கல்லு வந்துச்சு. ராக்கு கண்ணு சொருகுது. மூணாவது தடவை கைய விட்டா, சுருக்குனு இருந்துச்சு. கத்திய அலகோட பிடிச்சிருக்கா. தண்ணியில புகை மாதிரி ரத்தம் வருது. அவ விடலை. சண்டை வந்தா வரட்டும், சண்டை போட ஆளு இருக்கட்டும்னு நினைச்சா. பிடிய ராக்கு உள்ளங்கையில வச்சு, அவ விரலு அஞ்சையும் தன் கையால மடக்கி இறுக்குனா.

சரக். சரக்.

ரெண்டு பேரும் புஸ்ஸுன்னு மேல வந்தாக. பூமயிலு அவளை வள்ளத்துல இழுத்துப் போட்டா. ராக்கு அசையாம கிடந்தா. அப்புறம் இருமுனா, கடல் தண்ணியக் கக்குனா, மூச்சு வாங்குனா. எந்திரிச்சு உக்காந்து மதினியப் பார்த்தா பாரு ஒரு பார்வை.

"அறிவிருக்கா மதினி ஒனக்கு? கடலுக்கடியில எவளாச்சும் கத்தியக் கீழ வைப்பாளா? என் புள்ளைக்கு நீயா ஆத்தாவா இருப்பே? ஒனக்குக் கண்ணு இல்லையா, மண்டையில என்ன இருக்கு?"

ஒன்பது வருசத்துல மொத சண்டை. கரையில வலை உலத்துனவுகளுக்கெல்லாம் கேட்டுச்சாம். பூமயிலு வெட்டுப்பட்ட கைய மடியில வச்சுக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டு அழுதா.

அப்போ ராக்குக்குச் சங்கடமாயிருச்சு. "ஏன் மதினி அழுவுறீக, நான் இனிமே திட்டலை"ன்னா.

"திட்டு ராக்கு. ஒன் சத்தம் கேக்கட்டும். இன்னும் கொஞ்சம் திட்டு"ன்னா பூமயிலு.

அவளும் அழுதுக்கிட்டே, கரை வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டு வந்தாளாம். ம் காணோமே, தூங்கிட்டியா? கதையும் கரையேறிருச்சு கண்ணு, நீ தூங்கு.