மாற்றி வைத்த மூடி

ஜெனோவா மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிடும். அப்படியும் கேட்காமல் இருக்க முடியாத கேள்விகள் உண்டு.

மாரிச்செல்விக்கு அப்படி ஒன்று இருந்தது. கோவில்பட்டிப் பெண். உயிரியலில் பட்டம் வாங்கிய கையோடு, பிஎச்டிக்குத் தயாராக ஒரு வருடப் பயிற்சி என்று சென்னைக்கு வந்தவள். பயிற்சி முடியப் போகிறது. அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை இருக்கிறது. மாமா சொல்லி வைத்துவிட்டார். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, அவளுக்குத்தான் மனம் இல்லை.

"மேடம், நான் பிஎச்டிக்குத் தயாராயிட்டேனா?"

மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கையில என்ன வச்சிருக்க?"

"ரிசல்ட் வச்சிருக்கேன் மேடம். நம்ம மருந்து புற்றுநோய் செல்லைக் கொல்லுது. எப்ப செஞ்சாலும் கொல்லுது."

சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது. வழியாதா பின்னே? வருடம் முழுக்க அந்த செல்களை வளர்த்தவள் அவள். சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டு இங்கேயே கிடந்தவள்.

"எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றார் மேடம்.

முறை ரொம்ப எளிது. இரண்டு தட்டுகளில் ஒரே மாதிரி செல்கள். ஒன்றில் மருந்து விட வேண்டும், இன்னொன்றில் விடக் கூடாது. மறுநாள் இரண்டிலும் நீலச் சாயம் விட்டுப் பார்த்தால், செத்த செல் நீலமாகத் தெரியும். உயிரோடு இருப்பதில் நிறம் ஏறாது. எண்ண வேண்டியதுதான் பாக்கி.

மாரிச்செல்வி ஒரு மூடியில் 'மருந்து' என்று எழுதினாள். மற்றதில் 'வெறும்' என்று எழுதினாள். பெயரைத் தட்டின் மேல் எழுது, மூடியில் எழுதாதே என்று மேடம் முதல் நாளே சொன்னதுதான். யார் கேட்டார்கள்? தட்டின் ஓரம் வளைவு. மூடியில் எழுதுவது சுகம்.

மறுநாள் காலையில், செல் வளர்க்கும் இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாயம் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது மேடம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவள் சாயத்தை விட்டாள், கண்ணும் கருத்துமாக எண்ணினாள்.

"மருந்துத் தட்டுல பாதிக்கு மேல செத்திருக்கு மேடம். வெறும் தட்டுல கொஞ்சம்தான்."

"நீ சாயம் எடுக்கப் போனப்போ நான் மூடியை மாத்தி வச்சேன்."

முதலில் அவள் மண்டையில் ஏறவில்லை. ஏறியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மருந்தே படாத செல்களைத்தான் அவள் பாதிக்கு மேல் சாகடித்திருந்தாள்.

"நான் பொய்யா எண்ணலையே மேடம்."

"தெரியும்."

"பிறகு எப்படி?"

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தாள். அடர்ந்த நீலம் ஒன்றிரண்டு இருந்தன, அதில் தகராறு இல்லை. நிறமே இல்லாதவை இருந்தன, அதிலும் தகராறு இல்லை. இரண்டுக்கும் நடுவில் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடை மாதிரி வெளிர் நீலத்தில் கும்பல் கும்பலாகக் கிடந்தன.

"இது செத்ததா, உயிரோட இருக்கா?"

"மருந்துத் தட்டுன்னா செத்தது. வெறும் தட்டுன்னா..."

முகம் சுண்டிப்போனது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"முன்னாடியே ஏன் மேடம் சொல்லலை? அடுத்த வாரம் நேர்முகம்!"

"நேத்துதானே கேட்ட."

"மருந்து கொல்லுதுன்னு அவங்களுக்கு எழுதி வேற அனுப்பிட்டேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?"

மேடம் எழுந்து கையுறையைக் கழற்றினார்.

"இன்குபேட்டர்ல செல் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாரிச்செல்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கூடப் பயிற்சி எடுக்கும் இர்ஃபானைக் கூப்பிட்டாள்.

"நான் தட்டு வச்சதும் நீ மருந்தை விடு. எல்லாத் தட்டுக்கும் நீயே பேர் வை. எதுல மருந்து இருக்குன்னு என்கிட்ட சொல்லாத. நான் கெஞ்சினாலும் சொல்லாத."

அவன் குயில், மைனா, காக்கை என்று பறவைப் பெயராக வைத்தான். இந்த முறை தட்டின் மேலேயே எழுதச் சொன்னாள். எண்ணத் தொடங்கும் முன்பே, எந்தத் தட்டானாலும் வெளிர் நீலம் செத்ததில்தான் சேரும் என்று முடிவு செய்துகொண்டாள். பிறகு கழுத்து பிடித்துக்கொள்கிற வரை எண்ணினாள். கெஞ்சவும் செய்தாள்.

"மைனா மருந்துதானே? அதை மட்டும் சொல்லுடா."

"எண்ணு" என்றான் இர்ஃபான். ஆய்வுக்கூடத்தில் அந்த வாரம் அவளுக்கு அவனைவிடப் பெரிய எதிரி கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகு எதெதில் மருந்து என்று அவன் சொன்னான். மருந்து பட்ட தட்டுக்கும் படாத தட்டுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே! மாமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

"கண்டுபிடிக்கலம்மா."

"பிறகு இத்தனை நாளா என்னத்தத்தான் கண்டுபிடிச்ச?"

நேர்முகத்தில் அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள்.

"மருந்து வேலை செய்யலை சார். நான் எழுதி அனுப்பினது தப்பு" என்று அவள் தொடங்கியதும், நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "அப்படின்னா ஒரு வருஷமா என்ன செஞ்சீங்க?" என்றார். மூடிகளைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று ஏங்கி நின்றாள் என்பதை மறைப்பானேன்.

"அடுத்த நேர்முகம் எப்போ?" என்றார் மேடம்.

"அடுத்த மாசம். பெங்களூருல."

"அங்க என்ன சொல்லப் போற?"

பொய் சொல்லாமலேயே பூசி மெழுக ஆயிரம் வழி உண்டு. முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன என்று எழுதினால் யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. அந்த மாதிரி வாக்கியங்களும் இந்த ஒரு வருடத்தில் அவளுக்குப் பழகியிருந்தன. மறுபக்கம் ரத்தப் பரிசோதனை நிலையத்து மாமா காத்திருந்தார்.

"இதையேதான் சொல்லுவேன் மேடம். இன்னும் தெளிவாச் சொல்லுவேன்."

மேடம் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். மாரிச்செல்வியும் போய்ப் புதிதாகத் தட்டு வைத்தாள்.

பெங்களூரிலும் ஒரு வரி மாற்றாமல் சொன்னாள். அங்கே ஓர் அம்மையார் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"உங்க மேடம் மூடியை மாத்தாம இருந்திருந்தா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றாள் மாரிச்செல்வி.

அங்கே இடம் கிடைத்தது. மாமா இப்போது அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இர்ஃபான் இரண்டு கையிலும் லட்டு வைத்துக்கொண்டு, "மைனா மருந்து இல்லை, போதுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த அம்மையார் கேட்ட கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

கிளம்புகிற அன்று அவள் மேடத்தின் அறை வாசலில் பையோடு நின்றாள். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன முகம் இப்படி இருக்கு?"

"பயமா இருக்கு மேடம். அங்க மூடியை மாத்தி வைக்க நீங்க இருக்க மாட்டீங்களே."

"நீ இருப்பியே" என்றார் மேடம்.