பீப் வந்ததா?

"காதுல அது இல்லாம என்னால துடுப்பு போட முடியாது, கோச்."

நெடுமாறன் கெஞ்சவில்லை, சண்டைக்கே வந்துவிட்டான். மாநிலத் துடுப்புப் படகு அணிக்கான தேர்வு இன்னும் சற்று நேரத்தில். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வில் காதுக் கருவி கூடாது என்று நடுவர்கள் இப்போதுதான் சொல்லியிருந்தார்கள்.

அதை மாட்டிவிட்டவளே கோச் ரெஜினாதான். இருக்கையில் ஒரு சென்சார், துடுப்பின் பிடியில் ஒரு சென்சார். கால் உதைத்து முடிப்பதற்குள் முதுகு முந்திக்கொண்டு சாய்ந்தால் காதில் பீப். வராவிட்டால் அவனுக்குச் சாமி வரம் கொடுத்த நிம்மதி.

ரெஜினா அவனைவிட இளையவள். இருவர் படகை ஏரியில் இறக்கி, அவனுடைய இருக்கையிலும் துடுப்பிலும் சென்சார்களைப் பொருத்தினாள். அவனை முன்னால் உட்காரவைத்து, தான் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கருவியைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"பீப் வந்துச்சா இல்லையான்னு ஒவ்வொரு இழுப்புக்கும் நீங்க சொல்லுங்க."

"உங்க காதுல கேக்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

"இழுங்க."

இழுத்தான். "வரலை."

"வந்துச்சு."

மறுபடி இழுத்தான். "இப்ப வந்துச்சு."

"வரலை."

அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கரையில் மற்றவர்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"இது விளையாடுற நேரமா? எனக்கு இதான் கடைசி சான்ஸ், கோச்!"

"இழுங்க."

கோபத்தில் இழுத்தான். பாதியிலேயே துடுப்பு கனமில்லாமல் வெறுமனே வந்தது. பாதத்தில் அழுத்தமே இல்லை.

"வந்துச்சு," என்றான் மெதுவாக.

"ஆமா."

அடுத்த இழுப்பு. பாதம் பலகையில் அழுந்தியது, துடுப்பில் தண்ணீர் கனத்தது.

"வரலை."

"ஆமா."

கரையில் விசில் ஊதினார்கள். இருந்தும் இன்னொரு முறை இழுத்தான்.

"வரலை."

"வந்துச்சு," என்றாள் ரெஜினா.

"இல்ல. வரலை."

"கருவி என் காதுல இருக்கு."

"இருக்கட்டுமே. அந்த இழுப்பு சரி. வரலை."

வரம்பு மீறிவிட்டோமோ என்று பயந்து திரும்பிப் பார்த்தான்.

ரெஜினா கருவியைக் கழற்றிவிட்டு, படகைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வரலைதான். சீக்கிரம், பேரைக் கூப்பிடுறாங்க."