சாம்பிள் கல்

காங்கேயம் பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் வார்க்கும் பட்டறை வைத்திருந்தார் மாரப்பன். அவருடைய குரு, மடத்துத் தலைவி சிவபாக்கியம்மாள், வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். மாரப்பனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் குரு குருதான். அம்மாளைக் கேட்காமல் மாரப்பன் புதுச் செருப்புகூட வாங்கமாட்டார்.

அன்று காலை, கல் ஏற்றிய லாரியோடு மடத்து வாசலுக்கே வந்துவிட்டார். நாயாய்ப் பேயாய் அலைந்து, கல்லை லேப் பரீட்சைக்கு அனுப்பி, அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கியிருந்தார். முத்திரை குத்திய முதல் லோடு, பக்கத்து ஊரில் கட்டுகிற அங்கன்வாடிக்குப் போகிறது. கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார்.

“அம்மா, உங்க கையால முதல் கல்லுக்குத் திருநீறு பூசோணுங்க.”

“பூசிட்டாப் போகுது. பரீட்சையில பாஸ் பண்ணுன கல்லு எதுங்கண்ணா? மொதல்ல அதுக்குப் பூசறதுதானே மரியாதை.”

மாரப்பன் சிரித்துவிட்டார். “அது எங்கிங்க இருக்குது? லேபுல மிஷினுக்குள்ள வச்சு நசுக்கி உடைச்சுப்போட்டாங்க. எவ்வளவு பாரம் தாங்கி உடையுதுன்னு பார்க்கறதுதானுங்க பரீட்சையே.”

“அப்ப இந்த லாரியில இருக்கறது?”

“இது பரீட்சைக்குப் போகாத கல்லுங்க.”

“பாஸானது உடைஞ்சுபோச்சு. முத்திரை வாங்குனது பரீட்சைக்கே போகல.”

“அப்படிச் சொல்லப்படாதுங்க. அதே கலவை, அதே அச்சு, அதே தண்ணி. அது தாங்குனா இதுவும் தாங்கும். அதைச் சொல்றதுக்குத்தானுங்க முத்திரை.”

அம்மாள் தலையாட்டினார். திருநீற்றுத் தட்டை அவரிடமே நீட்டினார்.

“நீங்களே பூசுங்க. பூசறப்ப இப்பச் சொன்னதை ஒருக்காச் சொல்லிட்டுப் பூசுங்க. மந்திரமாட்டம் நல்லாத்தான் இருக்குது.”

மாரப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. லாரிமேல் ஏறி, திருநீற்றை அள்ளி முதல் கல்லில் வைத்தார்.

“அதே கலவை” என்றார். அடுத்த சொல் வரவில்லை.

விஷயம் இதுதான். லேபுக்குப் போகிற கல்லை அந்த வட்டாரத்தில் ‘சாம்பிள் கல்’ என்பார்கள். அதற்கு மட்டும் சிமெண்ட் தாராளமாக விழும். ஈரச் சாக்கைப் போர்த்தி, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார்கள். இது தப்பென்று எந்தப் பட்டறைக்காரருக்கும் தோன்றியதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லையா? மாரப்பனும் அப்படித்தான் நினைத்திருந்தார், இந்தக் காலைவரை.

கீழே நின்ற டிரைவர் செல்லமுத்து கேட்டான்.

“கெளம்பலாமுங்களா மொதலாளி? மேஸ்திரி சொவரெடுக்கக் காத்துட்டிருக்காரு.”

இப்போது திரும்பினால் அங்கன்வாடி வேலை கைநழுவிப் போகும். வாங்கிய முத்திரையும் போகலாம். ஊர் வாய்க்கு அவலும் கிடைத்துவிடும். போனாலோ, அந்தச் சுவரோரம் நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் மத்தியானத்தில் படுத்துத் தூங்கும். சுவர் நாளைக்கே விழாது. ஒருவேளை விழாமலேகூட நிற்கும். அந்த ‘ஒருவேளை’யை நினைத்தபடியே மாரப்பன் லாரியைவிட்டு இறங்கினார்.

“வண்டியைத் திருப்பு.”

“அங்கன்வாடிக்குங்களா?”

“பட்டறைக்கு. அத்தனையும் எறக்கு. மேஸ்திரிகிட்ட உள்ளதை நானே சொல்லிக்கறேன்.”

லாரி போயிற்று. மாரப்பன் மடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். கல்லின்மேல் வைத்துச் சாயம் அடிக்கிற முத்திரைத் தகடு. பூஜை செய்வதற்காகக் கொண்டுவந்திருந்தார். அதை அம்மாளின் காலடியில் வைத்தார். அவமானத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இது மடத்துலயே இருக்கட்டுங்கம்மா. இதை வச்சுக்கற யோக்கியதை எனக்கில்லீங்க. உங்களுக்குத்தான் இருக்குது.”

அம்மாள் குனிந்து தகட்டை எடுத்து, அவர் கையிலேயே வைத்தார். பிறகு தம்முடைய காவிச் சேலையைத் தொட்டுக் காட்டினார்.

“என்னையும் யாரும் உடைச்சுப் பார்த்துட்டு இதைக் குடுக்கலீங்கண்ணா” என்றார். “தெனமும் விடிஞ்சா நானும் கலவை போட்டாகோணும்.”