நன்னீர்க் கடலின் கரை

தாமிரவருணி கடலைத் தொடுவதற்கு முன் ஒருமுறை தயங்கி அகன்று நிற்கும் இடத்தில் சிறு மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி கோமதியம்மை. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட அம்பலவாணருக்கோ அறுபத்தேழு. மகளாக இருக்கத் தக்கவரை அவர் வாய் நிறைய "அம்மா" என்றே அழைத்தார். காவிக்கு வயது பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் தகரப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துவந்து அம்மையின் முன் இறக்கி வைத்து வணங்கினார்.

"என்ன வாணரே, பெட்டியும் கையுமாக? வீட்டில் சண்டையா?"

"புதினம், அம்மா. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு நோட்டு. புராணங்கள் சொல்லும் ஏழு கடல்களையும் ஒருவன் தாண்டிப் போகிற கதை."

"எதற்காகத் தாண்டுகிறான்?"

"காணாமற்போன தமையனைத் தேடி."

"கிடைத்தாரா?"

அம்பலவாணர் தலை குனிந்தார். "அதைக் கேட்கத்தான் வந்தேன். ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டு போகிறேன். இப்போதெல்லாம் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம் வரை வருகிறேன். அதற்கப்பால் கை ஓடுவதில்லை. கண்ணில் புரை வளர்கிறது. இவ்வளவு தூரம் வந்து, முடிக்காமலே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏன் முடியவில்லை, அம்மா?"

கோமதியம்மை மடைப்பள்ளி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த சண்முகவடிவைத் திரும்பிப் பார்த்தார். மடத்துக்குச் சமைப்பவள் அவள்.

"வடிவு, பிற்பகலில் என்ன வேலை?"

"உளுந்துல கல்லு பொறுக்கணும். கடைக்காரன் பாதி ஆத்து மணலத்தான் அளந்து குடுத்திருக்கான்."

"எனக்கும் ஒரு முறம் கொண்டு வா. வாணர் படிக்கட்டும். நாம் கேட்போம்."

"எந்த நோட்டிலிருந்து, அம்மா?"

"முதல் நோட்டிலிருந்து."

"அது மிகவும் பழையது. படிக்க வெட்கமாக இருக்கும்."

"வெட்கத்தையும் சேர்த்தே படியுங்கள்."

அன்று பிற்பகலே படிப்புத் தொடங்கியது.

முதல் நோட்டில் ஆயிரம் கை படைத்த அசுரன் இருந்தான். அவன்தான் மூத்தவனைக் கவர்ந்து சென்றவன். இளையவனாகிய கடம்பன் பொற்கவசம் பூண்டு, வற்றாத அம்பறாத்தூணியோடு, பறக்கும் தேரில் ஏறிப் புறப்பட்டான். உவர்க் கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், மதுக் கடல், நெய்க் கடல், தயிர்க் கடல், பாற்கடல், நன்னீர்க் கடல் என்று வழி நீண்டு கிடந்தது. அசுரன் மூன்று முறை செத்தான். மூன்று முறையும் பூமாரி பொழிந்தது.

"அண்ணாச்சி," என்றாள் சண்முகவடிவு. "உப்பு, வெல்லத்துக்குச் சாறு, நெய்யி, தயிரு, பாலு. இது கடலா, என் அடுக்களையா?"

கோமதியம்மை வாய்விட்டுச் சிரித்தார். அம்பலவாணரும் சிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தார்.

நாள்கள் சென்றன. நோட்டுகள் மாறின. ஒரே பயணம் நோட்டுக்கு நோட்டு வேறாக எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் நோட்டில் உவர்க்காற்று பட்டுக் கவசம் துருப்பிடித்தது. ஏழாம் நோட்டில் கருப்பஞ்சாற்றுக் கடலின் எறும்புகள் அம்பறாத்தூணியை அரித்துத் தின்றன. மதுக் கடலைக் கடந்தபோது மந்திரங்கள் யாவும் கடம்பனுக்கு மறந்துபோயின. நெய்க் கடலில் தீப்பற்றித் தேர் எரிந்தது. எரிந்தது போக எஞ்சிய பலகைகளைக் கட்டி அவன் ஒரு படகு செய்துகொண்டான்.

பதினோராம் நோட்டில் அசுரன் கிழவனாகியிருந்தான். தயிர்க் கடலின் நடுவே ஒரு பாறைமேல் உட்கார்ந்து, போகிற வருகிற படகுகளுக்கு வழி சொன்னான்.

"இவனக் கொல்லலியா?" என்று கேட்டாள் சண்முகவடிவு. "முன்னாடி மூணு தடவ கொன்னியள."

"கொன்று பார்த்தாயிற்று, வடிவு. அதனால் அண்ணன் வரவில்லையே."

அவள் முறத்தை மடியில் வைத்துவிட்டு அவரையே சற்று நேரம் பார்த்தாள்.

அன்று தயிர்க் கடலில் சூறை எழுந்து படகு கவிழும் தறுவாயில் பொழுது சாய்ந்தது. உலை வைக்க வேண்டும் என்று சண்முகவடிவு எழுந்தாள். அம்பலவாணர் கையமர்த்தினார்.

"ஒரு பக்கம் பொறு. படகு நிமிரட்டும். மூழ்குகிற இடத்தில் ஏட்டை மூடலாகாது. புராணம் படிக்கிறவர்கள் அன்றன்றைக்கு மங்களமான இடம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். என் தகப்பனார் எனக்குப் படிப்பித்த முதல் பாடம் அது."

படகு நிமிர்ந்தது. பிறகே அவர் நோட்டை மூடினார். கோமதியம்மை விரல்நுனியில் ஒட்டியிருந்த ஒரு சிறு கல்லை அப்பால் எறிந்தார்.

பதினைந்தாம் நோட்டில் பாற்கடலும் மாறியிருந்தது. அங்கே எதிரி இல்லை, போர் இல்லை. வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. கடம்பன் தமையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றான். முகம் வரவில்லை. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடக்கிற முதுகு மட்டும் வந்தது. அந்த ஓர் இடத்தை அம்பலவாணர் இருமுறை படித்தார். படித்ததை அவரே அறியவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி," என்றாள் சண்முகவடிவு. "அசுரனுக்குப் பேரு இருக்கு. எறும்புக்குக்கூட நீங்க ஒரு பேரு வச்சிருக்கிய. அந்த மூத்தவனுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயரை வைத்தாலும் அவன் வேறு யாரோ ஆகிவிடுகிறான்."

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டார் கோமதியம்மை.

கதைக்குள் இருப்பவரைக் கேட்கவில்லை என்பது அம்பலவாணருக்குப் புரிந்தது.

"குற்றாலிங்கம்."

"எப்போது போனார்?"

"எனக்குப் பதினொரு வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர, தூத்துக்குடியில் தோணி ஏறினான். வெங்காயம் ஏற்றிய தோணி. கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. இங்கேயும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை." அவர் நோட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "எங்கள் அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'உசுரோட இருக்கவனுக்கு எள்ளு எறச்சிராதடா' என்றாள். ஆடி அமாவாசைதோறும் எல்லாரும் கடலில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் விட்டுவிட்டு நான் கரையேறி வந்துவிடுகிறேன்."

சண்முகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அம்மா வார்த்தைய மீற முடியுமா," என்றாள் தனக்குள் போல.

கோமதியம்மை, "நாளைக்கு நேரே கடைசி நோட்டைப் படிக்கலாம்," என்றார்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. அம்பலவாணர் பத்தொன்பதாம் நோட்டைத் திறந்தார்.

அதில் கடம்பனிடம் ஒற்றைத் துடுப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஏழாம் கடலாகிய நன்னீர்க் கடல் அலையற்றுக் கிடந்தது. தாகம் எடுத்தால் குனிந்து அள்ளிப் பருகினான். பருகப் பருக, வந்த வழி மறந்தது. யாரைத் தேடி வந்தோம் என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு விடியலில் கரை தெரிந்தது. கரையில் ஓர் உருவம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீரைப் பார்த்தபடி நின்றது. இடக்கால் சற்றே சாய்ந்த அந்த நிலையை இளையவன் அறிவான். இன்னும் பத்துத் துடுப்பு. இன்னும் ஐந்து. கடம்பன் துடுப்பை உயர்த்தினான்.

அம்பலவாணர் நோட்டை மூடினார்.

"அவ்வளவுதான், அம்மா. கதை இங்கே நிற்கிறது."

"உங்க ஆளு எறங்க மாட்டானா?" என்றாள் சண்முகவடிவு.

"எத்தனை வருஷமாக இங்கே நிற்கிறது?" என்று கேட்டார் கோமதியம்மை.

"ஆறு வருஷமாக."

"மேலே எழுதிப் பார்த்ததுண்டா?"

"உண்டு. அவனை உயிரோடு எழுதினேன். கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் படித்தால் கூத்து மேடைபோல இருந்தது, கிழித்துவிட்டேன். இறந்தவனாக எழுதினேன். கடம்பன் தொட்டதும் அவன் நீராகி, காலடி மணலில் இறங்கிப் போனான். அது உண்மையாக இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் நோட்டை மூட எனக்கு மனம் வரவில்லை. மேலே நல்லதாக ஒரு வரி எழுதிவிட்டு மூடலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அதையும் கிழித்துவிட்டு, கரை தெரிகிற இடத்துக்கே திரும்பி வந்தேன். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்."

"ஏன் அந்த இடம்?"

"அதுதானே மங்களமான இடம்? கரை தெரிகிறது. அண்ணன் நிற்கிறான். எந்த நிமிஷமும் போய்ச் சேரலாம். நிறுத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கதையில் இல்லை, அம்மா. நான் முறை தவறவில்லையே?"

கோமதியம்மை முறத்தைக் கீழே வைத்தார். பொறுக்கிய உளுந்து வெள்ளையும் கறுப்புமாகக் குவிந்திருந்தது.

"முறை சரிதான். கடம்பன் எப்படி இருக்கிறான்?"

"படகில் அமர்ந்திருக்கிறான்."

"தாகம்?"

"இல்லை. சுற்றிலும் நன்னீர்."

"பசி?"

"தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துவிட்டான் அல்லவா."

"கரையில் இருப்பவர்?"

"நிற்கிறார்."

அம்பலவாணர் அதுவரை தமையனை 'அவன்' என்றே சொல்லி வந்தவர். இப்போது தம்மை அறியாமல் 'நிற்கிறார்' என்றுவிட்டார். சண்முகவடிவு அதைக் கவனித்தாள்.

"ஆறு வருஷமாகவா?"

"கதையில் ஆறு வருஷம். அதற்கு முன்னால்…" அவர் மனத்துள் எண்ணினார். பதினொன்றை அறுபத்தேழிலிருந்து கழித்தார். ஐம்பத்தாறு வருஷம் வந்தது.

கோமதியம்மை அவர் முகத்தைப் பார்த்து, மிக மெதுவாகக் கேட்டார்:

"அவருக்குக் கால் வலிக்காதா, வாணரே?"