எடை குறையாத பை

பனையோலைப் பை முடையும் பெண்களில் ஒருத்தியையும் முதலாளி குருபாதம் நம்பியதில்லை. ஈர ஓலைதான் முடைய வளையும் என்று சொல்லி, சொட்டச் சொட்ட நனைத்துத்தான் நிறுத்துக் கொடுப்பார். பை காய்ந்து திரும்பும்போது எடை குறையும். உடனே, "மிச்ச ஓலையை எங்கட்டி வித்தே?" என்பார்.

அன்று சொர்ணக்கனி மாட்டிக்கொண்டாள்.

"கொடுத்த எடைக்கு நாளைக்குப் பை வரணும். இம்மி குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. கூட முடைகிறவர்களே தன்னை ஓரக்கண்ணால் பார்த்தது அதைவிடச் சுட்டது. "சரி மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் தராசில் பைகளை வைத்தாள். எடை கொஞ்சமும் பிசகவில்லை. பைகளிலிருந்து ஒழுகிய தண்ணீர் முதலாளியின் வேட்டியை நனைத்தது.

"ஏட்டி, தண்ணியையா எனக்கு நிறுக்கே?"

"நீங்க நிறுத்துத் தந்த தண்ணிதான் மொதலாளி. ஓலையை மட்டும் திருப்பித் தந்துட்டு, தண்ணியை நான் வச்சுக்கிட்டா அது திருட்டுல்லா?"

வரிசையில் நின்ற பெண்கள், தங்களுக்காக நனைத்து வைத்திருந்த ஓலைக்கட்டுகளை எடுத்து, தண்ணீர் தெறிக்க ஓங்கி உதறினார்கள்.

"இப்ப நிறுங்க மொதலாளி."